அடக்க ஆராதனையில் பேசும் போதகர்களுக்கு

அன்புள்ள போதகர்களுக்கு, ஸ்தோத்திரம்.

வேதம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தேவன் எல்லாவற்றையும் முன்பே அறிந்து குறித்துவிட்டாரா, இல்லை நம் ஜெபத்தைக் கேட்டு மனம் மாறுவாரா? எதை நம்புகிறீர்களோ அதையே ஆஸ்பத்திரியிலும் சொல்லுங்கள், கல்லறையிலும் சொல்லுங்கள்.

போன மாதம் என் அக்கா மகனை அடக்கம் செய்தோம். ஆறு வயது. அவன் ஐசியுவில் இருந்தபோது உங்களில் ஒருவர் வந்து எசேக்கியா ராஜாவைப் பற்றிச் சொன்னார். பிழைக்கமாட்டாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லிவிட்டுப் போன பிறகும் ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார், தேவன் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அக்கா அந்த வசனத்தைப் பென்சிலால் கோடிட்டாள். ஒன்பது நாள் வராந்தாவில் அவளும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்து அழுதாள்.

அடக்கத்தன்று அதே போதகர், "இவன் பிறக்கும் முன்பே இவன் நாட்களை தேவன் எழுதிவிட்டார்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், சரி. ஆனால் அக்கா இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டாள். அன்று ராத்திரி என்னிடம், "அந்த ராஜாவுக்கு மாற்றினாரே, அப்போ நான்தான் சரியாக ஜெபிக்கலையா?" என்று கேட்டாள்.

1 சாமுவேல் 15-ஐ எடுங்கள். சவுலை ராஜாவாக்கியதற்காக தேவன் மனஸ்தாபப்பட்டார், அதாவது மனம் வருந்தினார் என்கிறது 11-ஆம் வசனம். மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்கிறது 29. மறுபடி 35-இல் மனஸ்தாபப்படுகிறார். தேவன் காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காண்கிறார் என்று 6-ஆம் நூற்றாண்டில் போயத்தியஸ் என்ற தத்துவ ஞானி எழுதினார். எதிர்காலம் தேவனுக்கும் இன்னும் திறந்தே இருக்கிறது என்று 1994-இல் கிளார்க் பின்னாக் என்ற இறையியலாளரும் வேறு சிலரும் வாதாடினார்கள். இதெல்லாம் நீங்கள் இறையியல் கல்லூரியில் படித்ததுதானே? சபையிடம் மட்டும் ஏன் முடிந்துபோன விஷயம்போலப் பேசுகிறீர்கள்? கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவு, சபைக் கணக்குக் கேட்டாலும் விசுவாசக் குறைவு, பிள்ளை செத்தாலும் விசுவாசக் குறைவு. மன்னியுங்கள், கேட்க வந்தது அது இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் கல்லறையில் ஒன்றும் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், எங்களால் அதைத் தாங்கிக்கொள்ள முடியும்.

வரும் ஞாயிறு அக்காவோடு ஜெபிக்க உங்களில் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வாருங்கள். ஜெபத்துக்கு முன்னால், அவள் ஜெபத்தில் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் சித்தி