வால்வு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏழை நாடுகளில் குறைந்த செலவில் இதய சிகிச்சை கிடைக்க வெளிநாட்டு உதவி பெருக வேண்டும் என்று போன ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம்ம சென்னையில் ஆபரேஷன் முடிந்து கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்த ஆப்பிரிக்கக் குழந்தையின் படம் மனசை என்னவோ செய்தது. நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2003-இல் இதயத்துக்குள் ரத்தத்தை ஒரே பக்கமாக விடுகிற கதவுகளில் ஒன்றான மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு செயற்கை வால்வு வைத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேலாக ராத்திரி அந்த 'டிக் டிக்'கைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவள் நான். கட்டுரை ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

பதினோரு வயதில் எனக்குத் தொண்டை வலி வந்து போனது. மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால். வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார். அது தொண்டைத் தொற்றுக்குப் பின்னால் மூட்டையும் இதயத்தையும் தாக்குகிற ருமாட்டிக் காய்ச்சல் என்பதும் வால்வைக் கெடுத்துவிட்டது என்பதும் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மாடிப்படி ஏற மூச்சு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க, இனி 21 நாளுக்கு ஒருமுறை பென்சதின் பெனிசிலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். விலை ஒன்றும் பெரிதில்லை. போட்டுவிட ஆள் கிடைப்பதுதான் பாடு. மருந்தைக் கலக்கிய கையோடு குத்தவில்லை என்றால் ஊசி அடைத்துக்கொள்ளும், போட்ட இடம் இரண்டு நாளைக்குக் கல் மாதிரி இருக்கும். எங்கள் தெருமுனை கிளினிக்கில், "ரியாக்‌ஷன் ஆனா யாரும்மா பொறுப்பு?" என்று திருப்பி அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, சில மாதம் விட்டுப்போனது, காய்ச்சல் திரும்ப வந்தது, கடைசியில் நெஞ்சைத் திறக்க வேண்டியதாயிற்று.

இந்த நோயால் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் சாகிறார்கள், பெரும்பாலும் ஏழை நாடுகளில். தடுக்கிற மருந்து எழுபது வருஷமாக நம் கையில் இருக்கிறது. 2018-இல் உலக சுகாதார சபை இதற்கென்று தனித் தீர்மானமே போட்டது. ஆனால் ஏழை நாடுகளுக்குச் சுகாதாரத்துக்காகப் போகிற உதவிப் பணத்தில் இதயம், சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் சேர்த்தே நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் கிடைக்கிறது. எய்ட்ஸுக்கு 2002-இல் 'குளோபல் ஃபண்ட்' என்கிற உலக நிதியம் வந்தது, இந்திய கம்பெனிகள் மாத்திரை விலையை இறக்கின, மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள். பென்சதின் பெனிசிலினையும் வால்வையும் அப்படி ஏன் வாங்கக் கூடாது?

மலிவான வால்வுக்கு எங்கேயும் போக வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் மூன்று மாதிரி தோற்றும் விடாமல் நாலாவதில் ஜெயித்தார்கள். 1990-லிருந்து அந்த சித்ரா வால்வு ஆட்களுக்குப் பொருத்தப்படுகிறது. எனக்குள் டிக் டிக் என்பதும் அதுதான்.

சரி, வால்வு வைத்தாகிவிட்டது, அப்புறம்? ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. ஒரு வாரம் முருங்கைக்கீரை கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் போதும், எண் இறங்கிவிடும், அந்த எண்ணைக் குறித்துவைக்கிற நோட்டைப் பார்த்து நர்ஸ் அக்கா முறைப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது நான் எண்ணிப் பார்த்தது அரிசியை இல்லை, மாத்திரையைத்தான். சூடானில் கார்ட்டூமில் ஓர் இத்தாலியத் தொண்டு நிறுவனம் 2007-இல் இலவசமாக இதய ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தது. 2023-இல் அங்கே சண்டை மூண்ட செய்தி வந்தபோது, வால்வு மாற்றிக்கொண்டு போனவர்கள் எல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தெரு வழியாகப் போவார்கள் என்றுதான் எனக்கு ஓடியது.

படத்தில் இருந்த அந்தக் குழந்தை ஊர் திரும்பினால் அங்கே ஐ.என்.ஆர். பார்க்க லேப் இருக்கிறதா, ஊசி போட ஒரு நர்ஸ் இருக்கிறாரா என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. கொடுப்பவர்களுக்கு மெஷின் கொடுத்தால் பெயர் பொறிக்கலாம், நர்ஸ் சம்பளத்தில் எங்கே பொறிப்பது! கட்டுரை எழுதிய நிருபர் இன்னொரு கட்டுரை எழுதுவதாக இருந்தால், தியேட்டர் பக்கம் போக வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஓர் அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை வரிசையில் வந்து நிற்கட்டும். கையில் பழைய நோட்டோடு எங்களில் நாலு பேராவது நிற்போம்.

அப்புறம், கட்டுரையில் இரண்டு இடத்தில் ருமாட்டிக் காய்ச்சலை 'முடக்குவாதம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது வேறு நோய். திருத்தம் போட்டுவிடுங்கள்.

வாசகி,
பெரம்பூர், சென்னை-11