விமானி பார்த்து விலகுவார் என்று விட்டுவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோனும் சிறிய விமானமும் நடுவானில் மோதும் ஆபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ட்ரோனுக்கு 120 மீட்டர்தான் எல்லை, விமானம் 150 மீட்டருக்குக் கீழே வராது, அப்புறம் என்ன?" என்கிறார்கள். தரையிறங்கும் விமானம் கீழே வந்துதானே ஆக வேண்டும்? மருத்துவ ஹெலிகாப்டரும் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானமும் தாழத்தான் பறக்கின்றன.

2021 ஆகஸ்டில் கனடாவின் பட்டன்வில் விமான நிலையத்துக்கு அருகே போலீஸ் ட்ரோன் ஒன்று சுமார் 400 அடி, அதாவது அதே 120 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓடுபாதையை நோக்கி இறங்கி வந்த செஸ்னா 172 பயிற்சி விமானம் அதன்மீது மோதியது. யாருக்கும் காயமில்லை. ஏதோ பறவை அடிபட்டது என்றே விமானத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ட்ரோனை இயக்கியவருக்குத் துணையாக வானத்தைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தார். அந்த வேலைக்கான பயிற்சிதான் அவருக்கு இல்லை.

விமானி பார்த்து ஒதுங்கட்டும் என்பதும் நடக்கிற காரியமில்லை. 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் விமானம் நொடிக்குச் சுமார் 50 மீட்டர் கடக்கிறது. ஓரடி அகல ட்ரோன் 300 மீட்டர் தூரத்திலேயே கண்ணில் பட்டாலும் மிஞ்சுவது 6 நொடி. எதிரே வருவதைப் பார்த்து, புரிந்துகொண்டு, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்ப 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்.

ஆக, ஒதுங்க வேண்டியது ட்ரோன்தான். விமானம் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடித்து, இயக்குபவரின் திரையில் எச்சரிக்கும் ரிசீவர் சில ட்ரோன்களில் ஏற்கெனவே இருக்கிறது. கால் கிலோவுக்கு மேற்பட்ட எல்லா ட்ரோன்களிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். சரி, சிக்னலே அனுப்பாத விமானத்தை ரிசீவர் எப்படிக் கண்டுபிடிக்கும்? பழைய சிறிய விமானங்கள் பலவற்றில் சிக்னல் அனுப்பும் கருவி கிடையாது. அவற்றின் உரிமையாளர்கள் செலவைக் காட்டித் தட்டிக்கழிக்கக் கூடாது. அரசுகள் மானியம் கொடுத்தாவது பொருத்த வைக்க வேண்டும்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயின்போது, தடையை மீறிப் பறந்த ட்ரோன் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. தீ கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் தரையில் நின்றது. ட்ரோனோ இயக்கியவரின் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருந்தது. விமானச் சத்தம் கேட்டதும் படம் பிடிப்பதை விட்டுவிட்டு ட்ரோனைக் கீழே இறக்கு என்பதை, அதைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்