பச்சிளம் குழந்தைக்குப் போடும் டியூபில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக்கும் குழந்தைப்பேறும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிளாஸ்டிக் எல்லாமே விஷம் என்ற தொனியில் முடிந்திருந்தது. அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு அது போதவில்லை. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்று கேட்காமல் பொதுவாகப் பயமுறுத்தினால், உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் கண்ணில் படாமல் போய்விடும்.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1998-இல் இனப்பெருக்க ஆபத்துகளை மதிப்பிடுவதற்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கியது. அது முதலில் கையிலெடுத்தவை தாலேட் ரசாயனங்கள். அவற்றுள் ஒன்றான டிஇஎச்பி, பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படுவது. ரத்தப் பை, டிரிப் செட், மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் செலுத்தும் ரைல்ஸ் டியூப் ஆகியவற்றில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. பிளாஸ்டிக்கோடு அது இறுகப் பிணைந்திருப்பதில்லை. ரத்தமோ கொழுப்புச் சத்து மருந்தோ உள்ளே ஓடினால் கசிந்து அதனுடன் கலந்துவிடும்.

எலிக் குட்டிகளின் விரை வளர்ச்சி எந்த அளவில் கெடுகிறது, மனித உடலுக்குள் எவ்வளவு போகிறது என்ற இரண்டையும் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அறிவியலாளர்கள் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். கூட்டம் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. வரைவு அறிக்கைக்கு யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்ப முடிந்தது. கவலையை அவர்கள் ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார்கள். 2006-இல் வந்த டிஇஎச்பி அறிக்கையில் பெரியவர்களுக்கு மிகக் குறைந்த கவலை. ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆண் குழந்தைகளுக்கு ஓரளவு கவலை. ஒரு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளுக்கு அதற்கும் மேல். உச்சப்படியான ‘தீவிரக் கவலை’ தீவிர சிகிச்சை பெறும் ஆண் சிசுக்களுக்கு. அதைப் படித்ததும் உடல் சூட்டைக் காக்கும் வார்மர் படுக்கையில் கிடந்த எடை குறைந்த குழந்தைகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். ஒரே குழந்தைக்கு மூக்கில் ஒரு டியூப், தொப்புளில் ஒன்று, வென்டிலேட்டர் குழாய், இடையிடையே ரத்தம் ஏற்றுதல்.

அந்த மையமும் தவறுக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் இன்னொரு ரசாயனமான பிஸ்பீனால்-ஏ பற்றிய ஆய்வுக்கு உதவிய ஒப்பந்த நிறுவனத்துக்கு ரசாயனத் தொழிலோடு தொடர்பு இருந்தது வெளிவந்ததால், 2007-இல் அந்த ஒப்பந்தமே ரத்தானது. எல்லாம் வெளிப்படையாக நடந்ததால்தான் கேள்வி கேட்கவும் முடிந்தது.

பெற்றோர் இதைப் படித்துச் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இலேயே தெளிவாகச் சொன்னது: தேவையான சிகிச்சையைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து; மாற்றுப் பொருள் கிடைக்கும் இடத்தில் ஆண் சிசுக்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ரத்தப் பையில் மாற்றம் எளிதன்று, சிவப்பணுக்கள் கெடாமலிருக்க டிஇஎச்பியே உதவுகிறது. டியூப்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவிகளும் வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பச்சிளம் குழந்தைகளுக்கான டியூப்களை வாங்கும் டெண்டரில் ‘டிஇஎச்பி இல்லாதது’ என்பதை நிபந்தனையாக்க வேண்டும். இத்தகைய ரசாயனங்களைப் பற்றி நம் நிபுணர் குழுக்கள் தரும் அறிக்கைகள், வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் படித்துக் கருத்துச் சொல்லும்படி, தமிழில் வரைவாகவே வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.