முதல் வருகையிலேயே காணியை விற்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்க் கந்தன் கொடியேற்றம் நெருங்கும் நாட்களில் தங்கள் பத்திரிகையின் காணி விளம்பரப் பகுதி வழமையைவிட நீண்டுவிடுகிறது. உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார், சில வாரங்களே இருப்பார், உடன் விற்பனைக்கு என்ற பொருள்பட வருபவை அவற்றிற் கணிசமானவை. காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசு அலுவலகமொன்றில் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், அந்த நாலு வரி விளம்பரங்களுக்குப் பின்னால் என்னென்ன நடக்கும் என்பதை அறிவேன். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக ஊர் திரும்பும் எம்மவர்கள், அந்த முதல் வருகையிலேயே பரம்பரைக் காணியை விற்பதையும், அதிற் குடியிருப்போரை எழுப்புவதையும், அவசரத்தில் அற்றோர்ணித் தத்துவம் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

முதல் வருகை ஏன் இவ்வளவு பிந்துகிறது என்பதை இங்கேயே இருந்தவர்கள் சில வேளை புரிந்துகொள்வதில்லை. "இத்தனை வருடமாக வரவில்லை, இப்போது காணிக்குத்தான் வந்திருக்கிறான்" என்று வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றியிருந்து பேசுவது எளிது. 1983 ஜூலைக்குப் பின்னரும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதுமாக இடம்பெயர்ந்த பின்னரும் வெளியேறியவர்களுள் ஏராளமானோர் அகதி அந்தஸ்துப் பெற்றே வெளிநாடுகளில் வாழ்ந்தார்கள். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்த நாட்டுக்குச் செல்ல அகதிக்கு வழங்கப்படும் பயண ஆவணம் இடந்தராது. பிரசாவுரிமை கிடைக்கும்வரை பெற்றோரின் செத்தவீட்டுக்குக்கூட வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களை நாம் எல்லோரும் அறிவோம். கடவுச்சீட்டுக் கிடைத்த பின்னரும் பாதை இருக்கவில்லை. 2002 ஏப்ரலில் திறந்த, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின், 2014 இல், 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைசெய்து வர்த்தமானி அறிவித்தல் வெளியானபோது, எந்த இயக்கத்துடனும் தொடர்பற்றவர்கள்கூடத் தமது பெயரையொத்த பெயர் அந்தப் பட்டியலில் இருக்குமோ என்று அஞ்சிப் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ் தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததும், 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும் மெல்ல மெல்ல அச்சத்தைக் குறைத்தன. ஆகவே இருபத்திரண்டு வயதில் சூட்கேசுடன் கொழும்புக்கு வான் ஏறிய இளைஞர் நரைத்த தலையுடன், தமிழைத் தயங்கிப் பேசும் பிள்ளைகளுடன் இப்போதுதான் வந்து இறங்குகிறார். இதற்காக அவரை ஏளனம் செய்வது நியாயமில்லை.

ஆனால் வந்து இறங்கியதும் நடப்பது வேறு. வரும்போது கிடைக்கும் விசா பொதுவாக முப்பது நாட்களுக்குத்தான். அதற்குள் நல்லூர்த் தேரும் தீர்த்தமும், குலதெய்வத்துக்குப் பொங்கல், கீரிமலையில் தகப்பனுக்குச் செய்யாமல் விட்ட கிரியை, படித்த பாடசாலைக்கு அன்பளிப்பு, இரு பக்க உறவுகளின் வீட்டு விருந்துகள், வெக்கையும் நுளம்பும் தாங்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கசூரினாக் கடற்கரை என்று நாட்கள் கரைந்துவிடும். (ட்ரோன் விட்டு வீட்டைப் படம் எடுப்பதற்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள், வேலி எங்கே முடிகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தாவது கேட்பார்களென்றால் அதுவும் பயனுள்ளதே.) எஞ்சும் நாலைந்து நாட்களில், இரண்டு தலைமுறையின் சிக்கலைக் கொண்ட காணியின் கதி தீர்மானிக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்துக் காணி ஒன்று பெரும்பாலும் ஒருவருடையதாக இருப்பதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி தகப்பன் வழி வந்த முதுசொம் வேறு, தாய்க்குக் கொடுத்த சீதனம் வேறு, இருவரும் சேர்ந்து சம்பாதித்த தேடியதேட்டம் வேறு. பெற்றோர் உறுதி எழுதாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் அனைவருக்கும் பிரிபடாத பங்கு உண்டு. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் ஒஸ்லோவில் இருக்க, வந்திருப்பவர் "எல்லோருக்கும் சம்மதம்" என்று வாய்ச்சொல்லால் சொல்லிவிட்டுப் பேரம் பேசுகிறார். பங்காளர் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்பதாயின் முதலில் ஏனைய பங்காளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வலியுறுத்துகிறது. அறிவித்தல் கொடாத விற்பனை பின்னர் வழக்காகிய கோப்புகள் நான் வேலை செய்த அலுவலகத்தின் இறாக்கைகளில் நிறைந்து கிடந்தன.

சில குடும்பங்களில் பங்காளர்களுள் ஒருவர் காணாமற்போனவர். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதியே ஆகவேண்டும். காணியை விற்க வேண்டுமென்றால் அந்தச் சகோதரனுக்கு ஓர் ஆவணம் தேவை. 2010 ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமல், காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறவும் வழி உண்டு. எதைப் பெறுவது என்பதைத் தாய் உயிரோடிருக்கும் வீட்டில், விமானச் சீட்டின் திகதியை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கச் சொல்வது கொடுமை. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் இறப்புச் சான்றிதழைப் பற்றி வாய் திறந்த மறுகணம், அவன் கொண்டுவந்த பொருட்களையெல்லாம் தாய் திருப்பிக் கொடுத்த வீடும் உண்டு.

ஆவணங்களின் நிலைமையும் இரண்டு நாளில் தெளியக்கூடியதன்று. இடப்பெயர்வுகளில் உறுதி தொலைந்துவிட்டது என்று கைவிரிப்பவர்கள் பலர். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் மறுமாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது விதி. ஆகையால் பதிவேடு அழியாத இடங்களில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறமுடியும். அந்தப் பதிவேட்டைத் தேடும்போதுதான் தெரியாத ஈடும் (அடமானமும்), யாரோ இடையில் எழுதிய உறுதியும் வெளிவரும். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருந்தால், பெறுமதி கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவரின் பக்கமே சட்டம் பெரும்பாலும் சாயும் என்பதைப் பலர் காலங்கடந்தே அறிகிறார்கள். இன்னொன்று: தொண்ணூறுகளில் தகப்பன் ஊரிலுள்ள மைத்துனருக்கு எழுதிக்கொடுத்த தத்துவத்தை இன்றும் செல்லுபடியானது என்று நம்புவோர் உள்ளனர். தத்துவம் கொடுத்தவர் இறந்ததும் அது செயலிழந்துவிடும். இறந்தவரின் தத்துவத்தில் எழுதிய உறுதியை நம்பி வீடு கட்டியவரும் இங்கே இருக்கிறார். அவருக்கு யார் பதில் சொல்வது?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலி தருவது குடியிருப்போரின் விடயம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி சாவியை வாங்கியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் துரத்தப்பட்டு, கோணாப்புலம் போன்ற நலன்புரி முகாம்களில் இடம் போதாமல் உறவினரின் அல்லது அறிமுகமானவரின் வெற்று வீட்டுக்கு வந்தவர்கள், வீட்டுக்காரரின் தூரத்து உறவான விதவைகள், வயதான மாமிமார். ஷெல் அடிக்கும்போது அந்த வீட்டின் பதுங்கு குழியில் இருந்தவர்கள் அவர்கள்தாம். ஓடு உடைந்தால் கிடுகு போட்டு மூடியதும், கிணற்றை இறைத்ததும், வடலிகளைக் காத்ததும், வேலிக் கதியாலை நகர்த்த வந்த அயலவருடன் சண்டை பிடித்ததும் அவர்களே. அனுமதியுடன் குடியிருந்தவருக்கு எத்தனை ஆண்டானாலும் இலகுவில் உரிமை வந்துவிடாது. பத்தாண்டு ஆட்சியுரிமை என்பது உரிமையாளருக்கு எதிராக, அவரது உரித்தை ஏற்காமல் ஆண்டவருக்கே உரியது. அது அவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, வந்து மூன்றாம் நாள் சட்டத்தரணியின் கடிதத்தை அனுப்புவது ஏன்? "பத்து வருடம் இருந்துவிட்டார்கள், இனி எழும்பமாட்டார்கள்" என்று யாராவது தரகர் காதில் ஓதியிருப்பார். அந்தக் கடிதம் கிடைக்கும்வரை வீட்டை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்த மனிதர், கடிதம் கிடைத்த பின் தானும் ஒரு சட்டத்தரணியிடம் போகிறார். யாழ்ப்பாண நீதிமன்றங்களில் காணி வழக்கு எத்தனை தவணை காணும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதேவேளை, உண்மையிலேயே அத்துமீறிப் பிடித்தவர்களும் உள்ளனர் என்பதை மறுக்கவில்லை. ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து நீக்க 2016 இல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கும் குறுகிய கால எல்லை இருந்தமையால் புலம்பெயர்ந்தோரிற் பெரும்பாலோருக்கு அதன் பயன் எட்டவில்லை. போர் முடிந்தே பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்ட இன்றைய நிலையில், இப்படிக் காணியைப் பறிகொடுத்தோர் தாமதிக்காமல் சட்ட ஆலோசனை பெறத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது விற்பனைக்கான அவசரத்தை. உரித்தைக் காப்பாற்றும் முயற்சியை அன்று.

வலிகாமம் வடக்குக்காரரின் நிலைமை தனியானது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி படையினரிடமிருந்து விடுவிக்கப்பட்டதே 2017 ஜூலையில்தான். இன்னும் விடுபடாத காணிகள் உண்டு. விடுபட்ட இடங்களிற் பலவற்றில் வீடு, மதில், கிணறு எதுவுமின்றி நிலம் மட்டமாகக் கிடக்கிறது. எல்லையைக் காட்டக்கூடியவர்கள் அயலில் வாழ்ந்த முதியவர்கள் மாத்திரமே, அவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அந்த ஊரவர்கள் முதல் வருகையிற் செய்யவேண்டிய ஒரே அவசர வேலை, பழைய நில அளவைப் படத்துடன் ஒரு நில அளவையாளரையும் அந்த முதியவர்களுள் ஒருவரையும் கூட்டிச் சென்று எல்லைக் கல் நாட்டுவதுதான். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுப்பதை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டாலும் முருகன் கோபிக்கமாட்டார்.

விற்பவர்களுக்குப் பெரும்பாலும் எவரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. பெற்றோரின் சொத்து உரிமை வழியாக அவருக்கு வரலாம். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. இவை தவிர்ந்த விதிவிலக்குகள் மாடிக் குடியிருப்பு போன்ற சிலவற்றுக்கே பொருந்தும். அதாவது, கனடியக் கடவுச்சீட்டு மாத்திரம் வைத்திருக்கும் ஒருவர் தாயின் பத்துப் பரப்புக் காணியை இந்த ஆவணியில் விற்றுவிட்டு, ஓய்வுகாலத்தில் ஊரில் ஒரு சின்ன வீடு கட்ட ஆசைப்பட்டால், அந்தப் பத்துப் பரப்பில் அரைப் பரப்பைத்தானும் தன் பெயரில் திருப்பி வாங்க முடியாது. விற்ற பணத்தையும் விரும்பியபடி கொண்டுசெல்ல முடியாது. வெளிநாட்டுச் செலாவணி விதிகளுக்கமைய, உரிய வங்கிக் கணக்கின் வழியாக, அனுமதிக்கப்பட்ட அளவிலேயே அனுப்பலாம். இதைக் கடைசி நாளில் வங்கிக் கருமபீடத்திற் கேட்டறிந்து திகைத்தவர்கள் காசைத் தரகரிடமே விட்டுச் சென்ற கதைகளும் உண்டு.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு பாம்புக்கும் டெங்கு நுளம்புக்கும் இடமாகி அயலுக்கும் தொல்லையாவதை நானும் காண்கிறேன். விற்பனையை இரண்டாவது வருகைக்கு விடுங்கள் என்பதே வேண்டுகோள். முதல் வருகையில் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யலாம், கிராம அலுவலரைச் சந்திக்கலாம், இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிப்பதா என்று யோசிக்கலாம், சகோதரர்களுடன் தொலைபேசியில் எல்லோரும் ஒன்றாக இருந்து பேசலாம். குடியிருப்பவரின் கையால் ஒரு தேநீர் வாங்கிக் குடித்து, போர்க்காலத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கலாம். கேட்டவர்கள் பலர், விற்கும்போது அவர்களுக்கென்று ஓரிரு பரப்பை நன்கொடை உறுதியாக எழுதிவைத்ததை என் அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன்.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். காணி விற்பனை விளம்பரங்களை ஏற்கும்போது உறுதி இலக்கம், பங்காளர்கள் உள்ளனரா, குடியிருப்போர் உள்ளனரா என்ற மூன்று விபரங்களையும் கேட்டுப் பிரசுரிக்கும் நடைமுறையைத் தங்கள் விளம்பரப் பிரிவு இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன்னரே தொடங்க வேண்டும். விளம்பர வருமானம் சற்றுக் குறையக்கூடும். அவசரக்காரரும் தரகரும் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதற்குள் வந்தவரின் விசா முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கொக்குவில்.