சூராவின் புள்ளிகளும் அச்சகத்தின் புள்ளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சிறுசிறு வண்ணப் புள்ளிகளாலேயே வரையும் புள்ளி ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். குறை, படம் போட்ட விதத்தில். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ‘லா கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு மதியம்’ சுமார் 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓவியம். அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டு, ‘புள்ளிகளைக் கவனியுங்கள்’ என்று கீழே எழுதினால் எப்படி? பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன். புள்ளிகள் தெரிந்தன. ஆனால் அவை உங்கள் அச்சகத்தின் நாலு வண்ணப் புள்ளிகள்!

அப்புறம், கட்டுரை முழுக்க சூராவின் பொறுமைக்கே பாராட்டு. 1884இல் அந்தப் படத்தைத் தொடங்கியபோது சூரா வழக்கமான தூரிகைத் தீற்றல்களில்தான் வரைந்தார். அதன்மேல் புள்ளிகள் ஏறியது 1885, 86இல். ஏன் அப்படிச் செய்தார் என்பதல்லவா விஷயம்?

பாரிஸின் கோப்லான் சித்திரத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ருல். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் கோளாறே இல்லை. பக்கத்தில் ஓடிய நீல நூல்தான் கறுப்பை மங்கவைத்தது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை ஏற்றும், இறக்கும் என்று 1839இல் புத்தகமே போட்டார். சூரா பிடித்துக்கொண்டது இதைத்தான். சிவப்பும் பச்சையும் தூரத்தில் கண்ணுக்குள் முழுதாகக் கலந்துவிட்டால் மங்கலான சாம்பல்தான் மிஞ்சும். அருகருகே தனித்து நிற்கும்போதுதான் துடிப்பு. சூராவின் நண்பரும் அதே பாணி ஓவியருமான பால் சின்யாக்கும் 1899இல் எழுதிய நூலில், தாங்கள் செய்வது புள்ளி வைப்பதல்ல, நிறத்தைப் பிரிப்பது என்று அடித்துச் சொல்கிறார்.

கட்டுரை தொடாத இன்னொன்று. சூரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் என்ற வண்ணம் சில வருடங்களிலேயே பழுப்பேறிவிட்டது. 1892இலேயே விமர்சகர் ஃபெனியோன், வெயிலைக் காட்ட வேண்டிய புள்ளிகள் ஓட்டை போலத் தெரிகின்றன என்று வருத்தப்பட்டிருக்கிறார். சிகாகோ கலைக்கூடத்தில் இன்று தொங்குவது அந்த வெயில் குறைந்த படம்தான். சூராவுக்கு இந்தப் புலம்பலைக் கேட்கும் வாய்ப்பில்லை. முந்தைய வருடமே 31 வயதில் இறந்துபோனார்.

ஐம்பது வயதைத் தாண்டியபின் இளைஞர் சூராவிடம் முறை கற்று, சில வருடங்களில் ‘இது என் கையைக் கட்டிப்போடுகிறது’ என்று விலகிய மூத்த ஓவியர் பிஸ்ஸாரோவுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. தொழிலாளர்களை வரைந்து, அரசியல் காரணமாக 1894இல் சிறையும் போன மாக்ஸிமிலியன் லூஸின் பெயரே இல்லை. அடுத்த முறை அவரைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். கூடவே, ஓவியத்தின் ஒரு சிறு மூலையையாவது பெரிதாக்கி அரைப் பக்கத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி