ஒன்பது எண்களைக் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். வட்டத்தின் விளிம்பில் ஒன்பது புள்ளிகளை வைத்து மனித ஆளுமையை வகுத்துச் சொல்லும் எனியாகிராம் பயிற்சியை நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் தியான முகாம்களிலும் நடத்தி வருகிறீர்கள். தங்கள் சினத்தையோ அச்சத்தையோ அதன் வழியாக முதன்முறை நேர்நின்று பார்த்தவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிவத்தின் ஆன்மிக வேரை நீங்கள் எடுத்துரைக்கும் விதமும், அந்த வேரிலிருந்து நீங்கள் விட்டுவிட்டவையும் என்னை இம்மடலை எழுத வைத்தன.

முதலில் வரலாறு. பல பட்டறைகளில் இது பாபிலோனிலிருந்து வந்தது என்றும், சூஃபி ஞானிகள் பல நூற்றாண்டுகள் மறைத்துக் காத்தது என்றும் சொல்லப்படுகிறது. ஆவணங்களைப் பின்தொடர்ந்தால் நாம் சென்று சேரும் இடம் 20ஆம் நூற்றாண்டுதான். ரஷ்யாவில் ஆன்மிக ஆசான் குர்ஜீஃப் தம் மாணவர்களுக்கு இந்த வடிவத்தைக் காட்டினார். அவருடைய மாணவர் உஸ்பென்ஸ்கி எழுதிய நூல் 1949இல் வெளிவந்தபோது அது பரவலாக அறியப்பட்டது. குர்ஜீஃப் அதில் மனித வகைகளை அடுக்கவில்லை. எந்தச் செயலும் எப்படித் தொடங்கி, எங்கே தளர்ந்து, எப்படி நிறைவுறுகிறது என்பதைக் காட்டும் படமாகவே அதைக் கையாண்டார். 3, 6, 9 ஆகிய புள்ளிகளை இணைக்கும் முக்கோணம், எந்த நிகழ்வும் மூன்று விசைகளால் உருவாகிறது என்ற அவரது ‘மூன்றின் விதி’யைக் குறித்தது. ஒன்றை ஏழால் வகுத்தால் முடிவின்றிச் சுழலும் 1, 4, 2, 8, 5, 7 என்ற இலக்கங்களின் வரிசையே மற்ற ஆறு புள்ளிகளை இணைக்கும் கோடுகளாயிற்று. புள்ளிகளின் மேல் ஆளுமைகளை ஏற்றியவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ. 1970இல் சிலியின் அரிகா நகரில் அவரிடம் பயின்ற உளமருத்துவர் கிளாடியோ நரான்ஹோ அதை உளவியல் மொழியில் விரித்துரைத்து அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். இதை இப்படியே சொல்வதால் உங்கள் பயிற்சிக்கு என்ன குறைந்துவிடும்? பழமை என்று சொன்னால்தான் மதிப்பு என்ற எண்ணம் கேட்போரைவிடச் சொல்வோரிடமே அதிகம் இருக்கிறது போலும்.

உண்மையில் பழமையான ஓர் இழை இதற்குள் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கைவிட்டிருக்கிறீர்கள். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த எவாகிரியஸ் என்ற கிறித்தவத் துறவி, உள்ளத்தைத் தாக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தினார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு என்பவை அவை. எந்த எண்ணம் எப்போது வருகிறது, எதைத் தொடர்ந்து எது வருகிறது என்று கவனிக்கச் சொன்ன அவர், ஒவ்வொன்றுக்கும் மறுமொழியாகச் சொல்ல வேண்டிய விவிலிய வசனங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். பின்னர் திருத்தந்தை பெரிய கிரகோரி அந்தப் பட்டியலை ஏழாக்கினார். அதிலிருந்து பின்னாளில் ஏழு தலையாய பாவங்களாக நிலைபெற்ற பட்டியலுடன் வஞ்சனையையும் அச்சத்தையும் சேர்த்தால் இச்சாசோவின் ஒன்பது கிடைக்கின்றன. இரண்டாம் எண்ணின் அடியில் அவர் வைத்தது செருக்கு. அதிலிருந்து மீளும் வழியாக வைத்தது பணிவு. நீங்களோ அந்த எண்ணுக்கு ‘உதவுபவர்’ என்று பெயரிட்டு, பங்கேற்பாளர் மகிழ்ச்சியோடு சட்டையில் குத்திக்கொள்ளும் அடையாளமாக்கிவிட்டீர்கள். தன் உதவிக்குள் ஒளிந்திருக்கும் செருக்கைக் காண வேண்டியவர், தான் உதவுபவர் என்ற பெருமிதத்தோடு வீடு திரும்புகிறார்.

தன்னைப் பிணைப்பதை அறிந்து அதிலிருந்து மீளும் இந்த நோக்கம் ஒரு மரபுக்கு மட்டும் உரியதன்று. கீதையின் 14ஆம் அத்தியாயம் சத்துவம், ரஜஸ், தமஸ் என மூன்று குணங்களைப் பிரித்துக் காட்டி, மூன்றுமே உயிரைப் பிணைப்பவை என்கிறது. இவற்றுள் மேலானதாகக் கருதப்படும் சத்துவமும் இன்பத்தின் மீதும் அறிவின் மீதும் உள்ள பற்றால் கட்டிவைக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, குணங்களைக் கடந்தவனின் இயல்பை விவரித்து முடிகிறது. தான் எந்தக் குணம் என்று அறிந்ததும் நின்றுவிடுபவனுக்கு அந்த அத்தியாயத்தில் இடமில்லை. பாலைவனத் துறவியும் கீதையும் எத்தனையோ செய்திகளில் வேறுபடுகின்றனர். ஆனால் வகையை அறிவது கட்டை அவிழ்ப்பதற்கே என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

இதனால்தான் ஆள்தேர்விலும் பதவி உயர்விலும் இந்த எண்களைப் பயன்படுத்த நீங்கள் துணைபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. உளமருத்துவர் யுங் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூலிலிருந்து கிளைத்த மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமை வினாத்தாளை வெளியிடும் நிறுவனமே, அதை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தன் பலவீனத்தைத் தானே கண்டறிவதற்கென்று அமைந்த ஒரு வரைபடம் மேலதிகாரியின் கோப்புக்குள் போனால், அடுத்த முறை யாரும் வினாக்களுக்கு உண்மையாக விடையளிக்க மாட்டார்கள். பயிற்சி அங்கேயே பொய்த்துவிடும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முதல் அமர்விலேயே குர்ஜீஃப், இச்சாசோ, நரான்ஹோ என்ற வரிசையை ஆண்டுகளுடன் சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணையும் அறிமுகப்படுத்தும்போது, பாராட்டுப் பெயருக்கு முன்பாக அதன் அடியில் இருக்கும் பற்றையும் அதிலிருந்து மீளும் வழியையும் கற்பியுங்கள். முடிவுகளை நிறுவனத்திடம் ஒப்படைக்க மாட்டோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதை ஏற்காத நிறுவனத்துக்குப் பயிற்சி நடத்த மறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சிகளில் அமர்ந்திருந்த ஒரு மாணவர்