பள்ளி மணி அடித்த பிறகு ஒரு வாத்தியக் குழு

ஐயா,

தஞ்சைப் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோர்களே சேர்ந்து ஒரு வாத்தியக் குழு ஆரம்பித்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம்.

முதலில் டிரம்பெட் வாங்கத்தான் ஆசைப்பட்டோம். ஆனால், மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் விழுந்து பொக்கை வாய், ஊத வரவில்லை. சரி, தாளத்திலிருந்தே தொடங்கலாம் என்று பறை, கஞ்சிரா, ஜால்ரா எடுத்தோம். பெரியவர்களின் பறைக்கு வார் நீளம். துண்டால் முடிச்சுப் போட்டுச் சுருக்கித்தான் தோளில் மாட்டிவிடுகிறோம். தோல் விறைப்பாக வேண்டும் என்று ஒரு தகப்பனார் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது, தள்ளி நிற்கும் குழந்தைகள் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை இப்போது ‘தகிட தகிட’ என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். அதைப் பார்த்து அவள் அம்மா கண் கலங்கிவிட்டார்.

கருவிகூடக் கிடைத்துவிடுகிறது, முறையாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் சிரமம். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே தவில், மிருதங்கம் படித்து வரும் இளைஞர்களை மதிப்பூதியம் கொடுத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு மாலையில் அனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அப்புறம், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். அங்கே பேசித் தீர்மானம் போட்டுத்தான் பயிற்சிக்கு வகுப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கினோம். மற்ற ஊர்ப் பெற்றோர்களும் கேட்டுப் பாருங்கள்.

– ஒரு மாணவியின் தாய்,
தஞ்சாவூர் மாவட்டம்